மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில்

குற்றாலத்து லாட்ஜ்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இணையதளத்தைத் திறந்ததும் மேலே காலை வெயிலின் மஞ்சள் தெரிய வேண்டும். கீழே வர வர அது மலையின் நீலமாக மாற வேண்டும். எந்த இடத்தில் மாறியது என்று யாரும் விரல் வைத்துக் காட்ட முடியக் கூடாது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் வெயிலைப் பார்க்கவா வருகிறார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்கு அப்போது எட்டாம் மாதம் முடியும் சமயம். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, தென்காசியில் மாமியார் வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்ன இணையதளங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் ராணுவத்தில், வடக்கே இருந்தார். என் அம்மா உயிரோடு இல்லாததால் தலைப்பிரசவம் இங்கேயே என்று முடிவாகியிருந்தது. குழந்தை பிறப்பதற்குள் லாட்ஜ் அண்ணாச்சியின் வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நிறம் இன்னொரு நிறமாக இப்படிச் சிறிது சிறிதாக மாறுவதை எங்கள் வேலையில் கிரேடியன்ட் என்போம். எழுதுவதற்கு ஒரு வரிதான். எந்தத் திசையில் போக வேண்டும், எந்த நிறத்தில் தொடங்க வேண்டும், எதில் முடிய வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், நடுவில் உள்ளதை எல்லாம் பிரவுசரே நிரப்பிக்கொள்ளும். அடுத்தடுத்த இரண்டு கோடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முதல் கோட்டையும் கடைசிக் கோட்டையும் வெட்டி எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும்.

மஞ்சளும் நீலமும் எனக்கு மக்கர் செய்தன. திரையில் உள்ள எந்த நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சங்களின் கலவை. மஞ்சளில் நீலம் அணைந்திருக்கும். நீலத்தில் மற்ற இரண்டும் அணைந்திருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நேராகப் போனால் பாதி வழியில் மூன்றும் சமமாக, அரைகுறையாக எரியும். அப்படி எரிந்தால் வருவது சாம்பல் நிறம். முதலில் அனுப்பியதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி போன் செய்தார்.

“தங்கச்சி, மேலயும் கீழயும் சோக்கா இருக்கு. நடுவுல மட்டும் அழுக்குத் தண்ணி கெடக்கே. வெள்ளம் வந்து போலீஸ்காரன் குளிக்க விடாத அன்னைக்கு அருவி இப்படித்தான் இருக்கும். அதப் பாத்துட்டு எவன் ரூம் போடுவான்?”

சரிசெய்து தருகிறேன் என்றேன். அதற்குள் பனிக்குடம் உடைந்து, சொன்ன தேதிக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் குழந்தையின் மூக்கு நுனியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்துக் காட்டினார். அழுத்தி எடுத்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தைகள் பலருக்கும் காமாலை மஞ்சள் வரும், முதலில் முகத்தில்தான் தெரியும். பிறகு நெஞ்சு, வயிறு, கால் என்று கீழே இறங்கும். முகத்தோடு நின்றால் பெரும்பாலும் தானாகப் போய்விடும். வயிற்றைத் தாண்டி இறங்கினால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். காலை வெயில் கொஞ்சம் மேலே படட்டும் என்றும் சொன்னார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். மேலிருந்து கீழே என்ற திசை எனக்குப் புரிந்த விஷயம்தான். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து வெயில் இல்லை. சாரல் பிடித்துக்கொண்டது. விடிந்ததும் தெரியாமல், இருட்டியதும் தெரியாமல் நாள் முழுவதும் ஒரே மங்கலாக இருந்தது. பச்சைப் பிள்ளைக்குக் காற்று ஆகாது என்று அறையின் ஜன்னலைச் சாத்தி, சூட்டுக்காக ஒரு குண்டு பல்பைப் போட்டு வைத்திருந்தார்கள் அத்தை. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

அத்தை குழந்தையைக் குளிப்பாட்டுவதை யார் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. குளியலறையில் மணையைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே குழந்தையைக் கிடத்தி, தொப்புளில் தண்ணீர் படாமல் அவ்வளவு பதமாக ஊற்றுவார்கள். முதலில் எண்ணெய். பிறகு பயத்தமாவில் கஸ்தூரி மஞ்சள் குழைத்து உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை. பெண் பிள்ளைக்கு இப்போதிருந்தே மஞ்சள் தேய்த்தால்தான் பின்னால் உடம்பில் ரோமம் வளராது என்பார்கள். குளித்து, சாம்பிராணிப் புகை காட்டி, மாமனாரின் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைக்கும்போது முகம், வயிறு, கால் எல்லாம் ஒரே மஞ்சள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

“அத்தை, இவ மஞ்சளா இருக்காளோ?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஏட்டி, மஞ்சத் தேச்சா மஞ்சளா இருக்காம நீலமாவா இருப்பா?”

அத்தை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு நாளைக்கு மஞ்சள் வேண்டாமே என்று சொல்ல வாய் வரை வந்தது. எனக்காக விடியும் முன் எழுந்து வெந்நீர் போட்டு, பூண்டு உரித்து, பத்தியக் குழம்பு வைத்துக் கொடுக்கிற ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பேறுகாலத்தில் எல்லோருக்கும் மனது இப்படித்தான் அடித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன். எனக்கும் அதுதானோ என்று நினைத்துக்கொண்டேன். குளிப்பதற்கு முன்பு பார்க்கலாமென்றால், முந்தின நாள் மஞ்சள் இன்னும் தோலில் இருந்தது.

குழந்தை அழவே இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையே புகழ்ந்தார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி, தன் பேரன் ராத்திரி முழுக்கத் தெருவையே எழுப்பிவிடுவான் என்றும் இது தங்கம் என்றும் சொல்லி நெட்டி முறித்துவிட்டுப் போனார். எனக்கு அந்தத் தூக்கம் பிடிக்கவில்லை. பால் குடிக்கத் தொடங்கியதுமே கண் செருகிவிடும். காது மடலைச் சுண்டி, உள்ளங்காலை வருடி எழுப்பிக் குடிக்க வைப்பேன். நாலு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். கண்ணைத் திறந்தால்தானே வெள்ளை விழியைப் பார்க்க முடியும்.

தினமும் காலையில் கணவருக்கு ஒரு போட்டோ அனுப்புவேன். அதே போட்டோவை லேப்டாப்பில் ஏற்றி, நெற்றியில் ஒரு புள்ளி, வயிற்றில் ஒரு புள்ளி, காலில் ஒரு புள்ளி என்று தொட்டு, அந்த நிறத்தில் எந்த வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் எண்ணை எடுத்துப் பார்ப்பேன். அண்ணாச்சியின் மஞ்சளுக்குச் செய்ததையே இங்கும் செய்தேன். ஒரு நாள் மஞ்சள் கூடுதலாக வரும். மறுநாள் குறைவாக வரும். குறைந்த நாளில் நிம்மதியாகச் சாப்பிடுவேன். போன் கேமரா தனக்குத் தோன்றிய எதையாவது வெள்ளை என்று வைத்துக்கொண்டு மற்ற நிறங்களை எல்லாம் அதற்கேற்ப மாற்றிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், குறைந்த எண்ணை நம்பத்தான் மனது விரும்பியது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் அண்ணாச்சி தயங்கித் தயங்கிப் பேசினார். சீசன் ஏறிவிட்டது, ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, பிள்ளை பெற்றவளைத் தொந்தரவு செய்வதாக நினைக்க வேண்டாம், அந்த நடுவில் உள்ள அழுக்கை மட்டும் எடுத்துவிட்டால் ஆட்கள் பார்க்கும்படி போட்டுவிடலாம் என்றார். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அத்தை அடுப்படியில் இருந்தார்கள். நான் லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று முன்பே யோசித்திருந்தேன். மஞ்சளையும் நீலத்தையும் நேராகச் சந்திக்க விடாமல் நடுவில் மூன்றாவதாக ஒரு நிறத்தை நிறுத்த வேண்டும். மஞ்சள் முதலில் வெள்ளையாக வெளுக்கட்டும், பிறகு வெள்ளையிலிருந்து நீலம் தொடங்கட்டும். மலைக்கு முன்னால் சாரல் இறங்கும்போது தெரிகிற அந்த வெள்ளை. சேர்த்துப் பார்த்தேன். சாம்பல் போய்விட்டது. ஆனால் வெள்ளை சரியாக வரவில்லை, பழைய துணி மாதிரி இருந்தது. எண்ணை மாற்றிப் பார்த்தேன். முழு வெள்ளையைக் கொடுத்தும் அது அப்படியேதான் இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. குழந்தையின் அறையில் கண் கூசக் கூடாது என்று திரையின் வெளிச்சத்தை மஞ்சளாக்கும் வசதியை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே போட்டிருந்தேன். திரும்ப எடுக்கவில்லை. இத்தனை நாளும் மஞ்சள் படிந்த திரையில்தான் குழந்தையின் போட்டோவைப் பார்த்து வந்திருக்கிறேன். அதை நிறுத்தினேன். திரை முழுவதும் குளிர்ந்தது போல வெளுத்தது.

திரையிலிருந்து கண்ணை எடுத்து அறையைப் பார்த்தேன். குண்டு பல்பு மஞ்சள். வேட்டித் துணிகள் கஸ்தூரி மஞ்சள் ஏறி மஞ்சள். தொட்டில் சேலை, என் நைட்டியின் தோள், என் விரல்கள். எதை வைத்து எதைப் பார்த்திருக்கிறேன்? ஒரு நிறத்தைச் சரிபார்க்க முதலில் ஒரு சரியான வெள்ளை வேண்டும். அந்த அறையில் வெள்ளை என்று ஒன்றுமே இல்லை.

பீரோவில் கணவரின் பிரிக்காத புது பனியன் ஒன்று இருந்தது. அதைப் பிரித்தேன். குழந்தையின் ஒரு காலை மட்டும் வெந்நீரும் சோப்பும் போட்டு, விரல் இடுக்கு வரை துடைத்தேன். துடைத்த துணியில் மஞ்சள் வராமல் போகும் வரை துடைத்தேன். ஜன்னலைத் திறந்து, சாரலின் வெளிச்சத்தில் அந்தப் பாதத்தைப் பனியன் மேல் வைத்தேன். கட்டை விரலால் அழுத்தி எடுத்தேன்.

அழுத்திய இடம் மஞ்சளாக இருந்தது. ரத்தம் திரும்பி வந்து மூடிய பிறகும் மஞ்சளாக இருந்தது. உள்ளங்கால் வரை இறங்கிவிட்டிருந்தது.

ஜன்னல் திறந்த சத்தம் கேட்டு அத்தை வந்தார்கள். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். செவ்வாய்க்கிழமை அதுவுமாக, தீட்டுக்கூடக் கழியாத பிள்ளையைச் சாரலில் வெளியே எடுக்கவா என்றார்கள். நாளைக் காலையில் முதல் வேலையாகப் போவோம் என்றார்கள். குரலில் கோபம் இல்லை, அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கணவரை வீடியோவில் கூப்பிட்டுக் குழந்தையைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. நன்றாகத்தானே இருக்கிறாள், நேற்றைவிட நிறம் கூடியிருக்கிறாள் என்றார். போனில் எனக்குமே அவள் ரோஜா நிறமாகத்தான் தெரிந்தாள். அம்மா சொல்கிறபடி காலையில் போகலாமே, நீ எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாய் என்றார். அது உண்மைதான். அவர் விடுமுறை முடிந்து ரயிலேறும் ஒவ்வொரு தடவையும் நான் பயந்திருக்கிறேன். ஒன்றும் நடந்ததில்லை. அதனாலேயே என் பயத்துக்கு அந்த வீட்டில் மதிப்பில்லாமல் போயிருந்தது. எனக்கே அதன் மேல் நம்பிக்கை இல்லை.

போனை வைத்துவிட்டேன். குழந்தையைத் தூக்கி ஜன்னலருகே கொண்டுபோய், பனியன் மேல் அந்தக் கழுவிய பாதத்தை வைத்து, பக்கத்தில் என் வெறும் காலையும் வைத்தேன். “பாருங்க அத்தை” என்றேன்.

அத்தை குனிந்து பார்த்தார்கள். பாதத்தைக் கையில் எடுத்தார்கள். முந்தானையால் அழுத்தித் துடைத்தார்கள். மறுபடி துடைத்தார்கள். முந்தானையைத் திருப்பிப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் ஒட்டவில்லை.

“ஆட்டோவக் கூப்பிடுட்டி,” என்றார்கள். உள்ளே போய்ச் சேலை மாற்றாமல் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். என் ரத்த வகையும் அவள் ரத்த வகையும் ஒத்துப்போகாததால் மஞ்சள் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். அளவு மிகவும் அதிகம், உடனே மஞ்சளைக் குறைக்கும் விளக்கின் கீழ் வைக்க வேண்டும், குறையாவிட்டால் ரத்தத்தையே மாற்ற வேண்டி வரும் என்றார். அத்தை அவரிடம் தேய்த்த மஞ்சளைப் பற்றிக் கேட்டார்கள். அதனால் இந்த நோய் வராது, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்திருக்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னார். அத்தை “மறைச்சிருக்கும்” என்ற சொல்லை மட்டும் மெல்லத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள்.

கண்களைத் துணியால் கட்டி, உடம்பில் வேறு துணி இல்லாமல், நீல வெளிச்சத்துக்கு அடியில் அவளைக் கிடத்தினார்கள். பால் கொடுக்க மட்டும் வெளியே எடுக்கலாம். கண்ணாடிக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீல வெளிச்சத்தில் மஞ்சள் தெரிவதில்லை. அவள் உடம்பு முழுவதும் சாம்பலாகத் தெரிந்தது. அந்த நிறம் எனக்குத் தெரிந்ததுதான். நர்ஸிடம், குறைகிறதா என்று பார்த்தால் தெரியுமா என்று கேட்டேன். பார்த்துத் தெரியாது, ரத்தம் எடுத்தால்தான் தெரியும் என்றார்.

அண்ணாச்சிக்கு விஷயத்தைச் சொல்லி, நடுவில் வெள்ளையைச் சேர்த்தாகிவிட்டது, இணையத்தில் ஏற்றுவதுதான் பாக்கி என்றேன். “அது கெடக்கு தங்கச்சி. புள்ளயப் பாரு,” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஞாபகப்படுத்தவே இல்லை. சீசனின் பாதி போன பிறகு நானேதான் ஏற்றிக் கொடுத்தேன்.

ரத்தம் மாற்றும் நிலை வரவில்லை. அளவு இறங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு அவள் அழத் தொடங்கினாள். அந்த அழுகையைக் கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். மஞ்சள் இவ்வளவு ஏறிய குழந்தைகளுக்குச் சில சமயம் காது நரம்பு பாதிக்கப்படும், சில மாதம் கழித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதை அத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு வீட்டில் கஸ்தூரி மஞ்சள் டப்பாவைக் காணவில்லை. தினமும் குளிப்பாட்டி முடித்ததும் அத்தை பூஜை மணியை எடுத்துக்கொண்டு வந்து குழந்தையின் தலைமாட்டில் நின்று ஒரு பக்கம் ஆட்டுவார்கள், பிறகு மறுபக்கம் ஆட்டுவார்கள். குழந்தை திரும்பும். மணிக்குத் திரும்பியதா, அத்தையின் நிழல் அசைந்ததற்குத் திரும்பியதா என்று எனக்குச் சந்தேகம் வரும். அத்தையிடம் சொல்ல மாட்டேன். அவர்கள் போன பிறகு நான் பின்னால் நின்று விரலைச் சொடுக்கிப் பார்ப்பேன்.

சாரல் காலத்தின் கடைசியில் திருநெல்வேலியில் காதுப் பரிசோதனை நடந்தது. மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர்களை ஒட்டினார்கள். வலது காது நன்றாக இருந்தது. இடது காதில் கேட்கும் திறன் குறைவு. அறவே இல்லை என்று இல்லை, குறைவு. வளர வளரப் பார்க்கலாம், தேவைப்பட்டால் கருவி வைக்கலாம் என்றார்கள். மஞ்சளால் வந்ததா, பிறக்கும்போதே இருந்ததா என்று கேட்டேன். சோதனை செய்த பெண் என்னைவிடச் சிறியவளாக இருந்தாள். அதைச் சொல்ல முடியாதுங்க அக்கா, எப்போது வந்தது என்று இதில் தெரியாது என்றாள். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன். எந்த இரண்டு நாள் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைப் போலத்தான் இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பாவூர்சத்திரம் தாண்டியதும், எந்தக் காது என்று இன்னொரு முறை கேட்டார்கள். இடது என்றேன்.

மறுநாள் காலையில் நான் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டார்கள். வழக்கமாகத் தெற்கே தலை வைத்துத்தான் போடுவார்கள். வடக்கே தலை வைத்து யாரையும் படுக்க விடாதவர்கள் அவர்கள். நான் மயங்கிக் கிடந்த பிரசவ வார்டிலேயே கட்டிலின் திசையைப் பார்த்து நர்ஸிடம் சண்டைக்குப் போனவர்கள். அன்று குழந்தையை வடக்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். தொட்டிலுக்கு மேற்கேதான் அடுப்படி. அப்படிக் கிடத்தினால் வலது காது அடுப்படிப் பக்கம் வரும்.

நான் பார்ப்பதை அத்தை பார்த்தார்கள். “அங்கன இருந்து கூப்பிட்டா கேக்கட்டும்,” என்றார்கள்.

அடுப்படிக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டார்கள். தொட்டில் சேலைக்குள் தலை அசைந்தது. சரியாகத் தெரியவில்லை. அத்தை மறுபடி கூப்பிட்டார்கள். வெளியே சாரல் விடவில்லை. அன்று முழுவதும் அத்தை அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.